ஒரு விரல் தள்ளி உட்கார்ந்த பட்டை

அம்பத்தூரில் என் பட்டறைக்கு இன்று வந்த இரட்டை ஆக்சில் டிரெய்லரின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் ஆக்சிலில் ஸ்பிரிங் பட்டை ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது.

“ஒண்ணும் ஆவாதுக்கா,” என்றான் மெக்கானிக். கழற்றச் சொன்னேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா ஓட்டியது பெரியப்பாவின் டிரெய்லர். மண்ணூர்பேட்டை ஷெட்டுக்குச் சோறு கொண்டுபோன அன்று, கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே அவர்கள் இருவரும் பேசியதைக் கேட்டேன்.

“அண்ணா, பட்டை தள்ளிகினு கீது. வண்டி ஒரு பக்கமா இழுக்கும்,” என்றார் அப்பா.

“ஒண்ணும் ஆவாது, எடுடா.”

பூந்தமல்லி தாண்டி வண்டி கவிழ்ந்தது. அப்பாவுக்கு ஒரு கால் போயிற்று. குடித்துவிட்டு ஓட்டினான் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். அப்பா குடித்ததே இல்லை. நான் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

“சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?”

அப்பா சாகும்வரை, வெளியே போய்வந்த போதெல்லாம், அம்மா அவர் வாயை மோந்து பார்த்த பிறகுதான் சோறு போட்டாள்.