பத்து நிமிஷக்காரி

ஆபீஸில் அவளுக்குப் 'பத்து நிமிஷம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். நகரத்தின் நூற்றுப்பத்து பஸ் நிறுத்தங்களில், அடுத்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதன் முதுகில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வைஃபை அடாப்டர். நாற்காலியை விட்டு எழாமல், அந்த வைஃபை வழியாகவே உள்ளே நுழைந்து, அந்த வைஃபையையே சரிசெய்வது அவளுடைய வேலை.

உட்கார்ந்திருக்கும் கிளையிலேயே கத்தி வைக்கிற வேலை என்று சொன்னால் மிகை இல்லை. கை தவறி ஒரு கட்டளை அடித்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். அறுந்த பிறகு உள்ளே போய்ச் சரிசெய்ய வழி கிடையாது. அப்புறம் பலகைகளைப் பராமரிக்கிற, எல்லாரும் ஏணி அண்ணன் என்று கூப்பிடுகிறவர்தான் கக்கத்தில் கீபோர்டை இடுக்கிக்கொண்டு கம்பத்தில் ஏறவேண்டும். இறங்கி வந்து அவர் திட்டுகிற திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எந்த மெஷினின் வைஃபையில் கை வைத்தாலும் முதலில் ஒரு வரி அடிப்பாள்: இன்னும் பத்து நிமிஷத்தில் நீயாகவே அணைந்து மறுபடி எழுந்திரு. அதன் பிறகுதான் மாற்றம், அதுவும் ஓடுகிற மெஷினில் மட்டும். மெஷின் எழும்போது படிக்கிற அமைப்புக் கோப்பில் எழுதமாட்டாள். சொதப்பினால் பத்தாவது நிமிஷம் மெஷின் எழுந்து, பழைய கோப்பைப் படித்து, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்துவிடும். சரியாக ஓடினால் மட்டும் கோப்பில் எழுதிவிட்டு, அந்தப் பத்து நிமிஷத்தை ரத்து செய்வாள். ஏழு வருஷத்தில் ஏணி அண்ணனை ஒரு தடவைகூட ஏற வைத்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். பயந்தாங்கொள்ளிதான். அதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது.

அம்மா போன பிறகு அப்பா நகரத்தின் மறுகோடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கூப்பிட்டால் வரமாட்டார், பிடிவாதம். நான்கு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். சாயங்காலம் அவள் போய்த்தான் தூக்கினாள். அன்றைக்கு அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிறம் அவள் கண்ணை விட்டுப் போகவேயில்லை.

அந்த வாரமே ஒரு குட்டி கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அப்பாவின் சமையலறை அலமாரியில் வைத்தாள். கதவுகளில் சென்சார் ஒட்டினாள். எந்தக் கதவு திறந்தாலும் மூடினாலும் ஆபீஸில் அவள் திரையில் ஒரு வரி வரும். இணைப்பு இருக்கும்வரை பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

"இந்த விளக்கு என்னத்துக்கும்மா?" என்று கேட்டார் அப்பா.

"இது எரியுதுன்னா நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்னு அர்த்தம்பா."

அதிலிருந்து அவர் டீ குடிப்பதும் பேப்பர் படிப்பதும் அந்த விளக்கின் எதிரில்தான். விழுந்த பயத்தில் படியிறங்குவதையே விட்டிருந்தார். பெட்டியில் ஒரே ஒரு தொல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அடாப்டர் அடிக்கடி தூங்கிவிடும், விளக்கு ஒரு வினாடி அணைந்து எரியும். "கண்ணைச் சிமிட்டுதும்மா" என்று உடனே போன் வரும்.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் அடாப்டரின் அந்தத் தூக்கத்தை நிறுத்திவிட நினைத்தாள். பஸ் பலகைகளில் நாற்பது தடவை செய்த வேலை. பசி வேறு. பத்து நிமிஷ வரியை மறக்காமல் அடித்தாள். ஆனால் ஓட்டிப் பார்க்கிற பொறுமை இல்லாமல், பலகை மெஷினில் இருந்த கோப்பை அப்படியே எடுத்து அப்பாவின் பெட்டியில் எழுதினாள். அடாப்டர் தூங்கக்கூடாது என்ற வரி அதில் இருந்தது. அப்பா வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஞாபகமாக மாற்றினாள். அடாப்டரின் பெயரை மாற்றவில்லை. பலகைகளில் அதற்கு ஒரு பெயர், அப்பா வீட்டில் வேறு பெயர். நெட்வொர்க்கை மறுபடி தொடங்கச் சொன்னாள். இல்லாத அடாப்டரைத் தேடிப்போன மெஷின், இருந்த அடாப்டரைக் கைவிட்டது.

திரை உறைந்தது. சரி, பத்து நிமிஷம்தானே என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அப்போதுதான் திரையிலேயே பக்கத்து ஜன்னலில் கடைசியாக வந்திருந்த வரியைப் பார்த்தாள். குளியலறைக் கதவு திறந்தது, 1:07. மூடியதாக வரி இல்லை.

இணைப்பு போனதால் வரி வரவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நொடி டப்பாவை மூடிவிட்டாள். கோப்பிலேயே எழுதியாயிற்று. பத்து நிமிஷம் கழித்து எழுகிற மெஷின் அந்தத் தப்பான கோப்பைத்தான் படிக்கும். அது திரும்பி வரப்போவதில்லை.

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். ஏழாவது தடவையும் யாரும் எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஓடினாள்.

டாக்சியில் நாற்பது நிமிஷம், அதில் இன்னும் ஒன்பது தடவை போன் அடித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் அப்பா ஈரத்தரையில் கிடந்தார். கண்ணை மூடினால் நீல உதடு, திறந்தால் சிவப்பு விளக்கு. டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கத் தோன்றவில்லை.

மூன்று மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசல் கதவு திறந்தே கிடந்தது. குளியலறைக் கதவும் திறந்திருந்தது. தரை ஈரமாக இருந்தது. ஆள் இல்லை.

"அப்பா!"

படுக்கையறையில் இல்லை, சமையலறையில் இல்லை. மேஜைமேல் அவருடைய போன், பதினாறு தவறிய அழைப்புகள். சுவரில் சாய்ந்தபடி அவருடைய ஊன்றுகோல். கோல் இல்லாமல் அவர் வாசல்வரைகூடப் போகமாட்டாரே. யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா? எந்த ஆஸ்பத்திரிக்கு? யாரிடம் கேட்பது?

அவள் போன் அடித்தது. ஏணி அண்ணன்.

"பத்து நிமிஷம், எங்க போய்த் தொலைஞ்ச? உங்கப்பா இங்க வந்து உக்காந்திருக்காரு. ஆபீஸ் வாசல்ல டாக்சில வந்து எறங்கினாரு. காலெல்லாம் நடுங்குது. உனக்கு என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு எங்களையே கேக்கறாரு. இந்தா, பேசு."

"அம்மாடி?" என்றது அப்பாவின் குரல். "நீ நல்லா இருக்கியா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயம் அழுகையாக வரவில்லை, கோபமாக வந்தது. "கோல்கூட எடுக்காம மூணு மாடி எறங்கினீங்களா? எங்கயாவது விழுந்திருந்தா? போனாவது எடுத்துட்டுப் போகக்கூடாதா?"

"குளிச்சிட்டு வந்து பாத்தேன், விளக்கு இல்ல. போன், கோல் எதுவும் ஞாபகம் வரல" என்றார் அப்பா. "எரிஞ்சா நீ பக்கத்துல இருக்கேன்னு அர்த்தம்னு சொன்ன. அணைஞ்சா என்ன அர்த்தம்னு நீ சொல்லவே இல்லையேம்மா."

அலமாரியில் பெட்டி இருட்டாக உட்கார்ந்திருந்தது. பையில் லேப்டாப்பும் வயரும் இருந்தன. அடாப்டரின் பெயரை மாற்ற மூன்று நிமிஷம் போதும். எந்த மெஷினையும் பாதியில் விட்டு எழுந்து பழக்கமில்லாதவள், எழுந்து ஊன்றுகோலைக் கையில் எடுத்தாள்.

"அங்கயே உக்காருங்கப்பா. எழுந்திருக்காதீங்க. நான் வர்றேன்."

"எவ்வளவு நேரமாகும்மா?"

பத்து நிமிஷம் என்ற வழக்கமான பதில் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"போனை வைக்காதீங்கப்பா" என்றாள், படியில் இறங்கிக்கொண்டே. "பேசிக்கிட்டே வர்றேன்."