மூன்று கோடு கீறிய சங்கு

“எந்தச் சங்கு?” என்று வாசல்காரர் கேட்டார். அப்போது எனக்குச் சரியான பதில் தெரியாது.

நானும் என் தாய்மாமா பர்னபாஸும் மாப்பிள்ளையூரணிக்கு வெளியே, மூடிக் கிடக்கிற செம்புக் கம்பி ஆலையின் கேட் முன்னால் நின்றோம். செய்தியில் அடிபட்ட பெரிய ஆலை இல்லை இது. செம்பைக் கம்பியாக இழுத்துச் சுற்றிக் கொடுத்த சின்ன ஆலை. இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். வியாபாரம் படுத்துப்போய், பதினொரு வருடத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். “சங்கு எடுக்க வந்திருக்கோம் அண்ணாச்சி” என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதற்காக ஒரு கட்டைப்பையும் கொண்டு போயிருந்தேன்.

வாசல்காரர் பெயர் காசிலிங்கம். ஐம்பது வயதிருக்கும். அவர் என் பையைப் பார்த்தார்.

“இங்கன என்ன கடலா கெடக்கு, சங்கு எடுக்க? போன மாசம் ரெண்டு பேரு ஆடு தேடி வந்தோம்னானுவ. இருந்த ஒயரையும் உருவிட்டுப் போயிட்டானுவ. நீங்க சங்குன்னு சொல்லுதீய.”

மாமாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. “ஆமா தம்பி, ஒண்ணே ஒண்ணுதான்” என்றார்.

மாமா சங்கு குளித்தவர். முப்பத்து மூன்று வயது வரை வள்ளத்தில் போய், கடலடியில் சங்கு பொறுக்கினார். ஆழத்தின் அழுத்தத்தில் இரண்டு காதும் கெட்டுப்போயின. அதோடு கடலை விட்டார். அதன்பிறகு பதின்மூன்று வருடம் இந்த ஆலையில் வேலை. “என் சங்கு ஆலையில கெடக்கு” என்று அவர் அடிக்கடி சொல்வார். குளித்து எடுத்த சங்கு ஒன்றை ஏதோ அலமாரியில் விட்டுவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். போன மாதம் காது டாக்டர், மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் ஒரு வருடத்துக்குள் போய்விடும் என்று எழுதிக் காட்டினார். மாமா வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “ஏளா அனுஜா, என்னைய ஆலைக்குக் கூட்டிட்டுப் போ.”

பிளஸ் டூ முடித்துவிட்டு, எந்தக் காலேஜிலும் சேராமல், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். அதனால் உடனே கிளம்பினேன்.

வாசல்காரர் கதவைத் திறக்கிற மாதிரித் தெரியவில்லை. மாமா ஒரு காரியம் செய்தார். கையை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே, வாயால் “ஊஊஊ” என்று ஏற்றினார். பாதியில் “க்” என்று விக்கி, மறுபடி ஏற்றினார்.

காசிலிங்கத்தின் முகம் மாறிவிட்டது.

“ஏ யப்பா! ஆலைச் சங்கா? நீருதான் அத ஊதுனவரா? எங்க அம்மை அந்தச் சங்கு கேட்டுத்தான்வே உலை வைப்பா. ஒரு நாள் நீரு அஞ்சு நிமிசம் பிந்திட்டீரு. சோறு பிந்துனதுக்கு எங்க ஐயா அவள வஞ்சாரு.”

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆலையில் நேரம் அறிவிக்க ஊதுகிற மின்சார சைரனுக்கும் சங்கு என்றுதான் பெயர். அது ஓய்ந்தபோது எனக்கு ஏழு வயது. எனக்கு அந்தச் சத்தம் நினைவில் இல்லை. கட்டைப்பையை மடித்து ஸ்கூட்டிக்குள் வைத்தேன்.

கேட் திறந்தது. உள்ளே முள் நிறைந்த உடைமரங்கள் முளைத்து நடைபாதையை மூடியிருந்தன. கம்பி இழுத்த கூடத்தில் ஒரு எந்திரமும் இல்லை. அவை நின்ற இடத்தில் போல்ட்டுகள் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் ஆள் உயரத்துக்குப் பச்சைப் பச்சையாகச் செம்புக் களிம்பு. வேலை அட்டை செருகும் பலகையில் எண்கள் அழியாமல் இருந்தன. மாமா 117 என்ற ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு பல்லி இருந்தது. “என் வேலைய இவன் பாக்கான்” என்றார்.

படியேறும்போது நான் அவர் காதருகே கத்திக் கேட்டேன், காது கேளாத ஆளை எப்படிச் சங்கு ஊத வைத்தார்கள் என்று.

“அதுக்காகத்தாம்ளா வச்சானுவ. பக்கத்துல நின்னு மூணு வேளை ஊத எவனுக்கும் முடியல. தல வலிக்குன்னு ஓடிப் போனானுவ. ‘இவன் செவிடன்தானே, இவன நிப்பாட்டு’ன்னு சொன்னாரு மேனேஜரு. அவருக்குத் தெரியாது. எனக்கு முழுசாக் கேட்டது அது ஒண்ணுதான்.”

ஆட்கள் பேசுவது அவருக்குத் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்குமாம். கோயில் மணி கேட்காது. சங்கு மட்டும் இரும்பில் வைத்த உள்ளங்கை வழியாக ஏறி, நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்குமாம். சங்குக்குள் சுற்றுகிற விசிறியில் ஒரு இதழ் ஒடிந்திருந்ததால் ஏறும்போது ஒருமுறை விக்கும். அதுவும் அவருக்குக் கேட்கும். வள்ளத்தில் தான் எடுத்த சங்குகளில் அடையாளத்துக்கு மூன்று கோடு கீறுவது அவர் வழக்கம். ஆலைச் சங்கின் விளிம்பிலும் ஆணியால் மூன்று கோடு கீறியிருக்கிறார். அந்த ஐந்து நிமிடம் பிந்திய நாள் அதுதான்.

மொட்டை மாடியில் சங்கு இல்லை. நான்கு போல்ட்டும், சங்கு நின்ற அடையாளமாக வெளுத்த ஒரு வட்டமும் இருந்தன. சுவரில் சுவிட்ச் மட்டும் மிச்சம்.

மாமா குனிந்து, ஒரு கையை அந்த வட்டத்தில் வைத்தார். மறுகையால் சுவிட்சை அழுத்தினார். மின்சாரம் வெட்டிப் பதினொரு வருடமாகிறது. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. முப்பது எண்ணியதும் கையை எடுத்தார்.

கீழே நின்ற காசிலிங்கம், “ஊதியாச்சா?” என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார். அந்த உதட்டசைவை மாமா சரியாகப் படித்துவிட்டார்.

“ஊதியாச்சு.”

“அப்ப நான் போயிச் சாப்பிடுதேன்” என்றார் அவர். மாமா சிரித்தார். ஆனால் கையை அந்த வட்டத்திலேயே மறுபடி வைத்துக்கொண்டார்.

இறங்கி வந்த பிறகு நான் காசிலிங்கத்திடம், அதையும் உடைத்துச் செம்பு எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர் மாமாவுக்கு நேராக நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“உடைக்கல. நான் வேலைக்குச் சேந்த வருசம். மத்ததெல்லாம் எடைக்குப் போச்சு. சங்க மட்டும் ஒரு ஆளு தனியா வந்து, ஓடுற சங்கா வேணும்னு சாக்குல பொதிஞ்சு வண்டியில ஏத்துனாரு. எந்த ஊருன்னு கேக்காமப் போயிட்டேன் அண்ணாச்சி. எங்கயோ ஊதிக்கிட்டுத்தான் இருக்கும்.”

மாமா இரண்டு முறை சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை அவர் கேட்டதற்குக் காரணம் காது இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நான் போனில் தேடி, மில் சங்குச் சத்தங்களை ஒவ்வொன்றாக அவர் காதில் வைத்தேன். “கொசு” என்றார். அடுத்ததற்கும் “கொசு.” பிளாரன்ஸ் அத்தை, “நான் இருபத்தஞ்சு வருசமாக் கத்துதேன், அது கேக்கல. இரும்பு கத்துனது மட்டும் கேட்டுச்சோ?” என்றார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தைதான் அவரைக் கூட்டிப்போய் மாவு மில்லின் கிரைண்டர் மேல் கை வைக்கச் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏறல” என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் மில்லிலோ செங்கல் சூளையிலோ ஏறும்போது ஒருமுறை விக்குகிற சங்கு இருந்தால், அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மூன்று கோடு இருந்தால் அது எங்களுடையது. திருப்பித் தர வேண்டாம். ஊதும்போது ஒரே ஒரு முறை மாமா அதில் கை வைக்க விட்டால் போதும். உங்கள் ஊரில் சங்கே இல்லையென்றால், சங்கு இருக்கிற ஊரில் உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.