கிழிந்த கோணியும் பச்சைத் திரையும்

எங்கள் மேலாளர் அந்த எச்சரிக்கையைப் படிக்கவே இல்லை. படிக்காமலே 'பிரச்சினை இல்லை' என்ற பொத்தானை அழுத்தினார். பிறகு, படித்ததாக முதலாளியிடம் சொன்னார். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

நடந்தது போன மழைக்காலத்தில், செம்பூரில். நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி லிஃப்ட்டுக்கு மூளை செய்கிறது. கதவு மூடியிருக்கிறதா, எந்த மாடியில் நிற்கிறது, கிளம்பலாமா என்று முடிவெடுக்கும் மின்பலகையும் அதற்குள் ஓடும் புரோகிராமும் எங்களுடையவை. நாங்கள் எழுதுவதை ஒரு மென்பொருள் வரி வரியாகப் படிக்கும். புரோகிராமை ஓட்டிப் பார்க்காது. எழுதியிருப்பதை வைத்தே எங்கே தப்பு வரலாம் என்று சொல்லும். பெரிய தப்புக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். ஒன்றும் மிச்சமில்லை என்றால் திரை பச்சையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பச்சை வந்துவிட்டால் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து மேலாளர் செலவில் மைசூர் போண்டா வரும். இது எங்கள் ஆபீஸ் வழக்கம். போண்டாவில் குறை சொல்ல மாட்டேன். பச்சை வருகிற விதம்தான் அசிங்கம். சிவப்பைத் திருத்துவோம். மஞ்சளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மேலாளர் ஒரே அழுத்தில் மூடிவிடுவார். மஞ்சளில் பாதிக்கு மேல் வெட்டி எச்சரிக்கை என்பதும் உண்மைதான். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

அன்றைக்கு ஒரு மஞ்சளை நான் திறந்து பார்த்தேன். ஒரே வரியில் சென்சாரை இரண்டு தடவை படிக்கிறோம். முதல் தடவை வருவது கதவின் நிலை, அடுத்தது மாடி எண். வரியில் கதவு இடப்பக்கம், மாடி வலப்பக்கம். இடப்பக்கம்தானே முதலில் நடக்கும் என்று எழுதியவர் நினைத்துவிட்டார். நாங்கள் எழுதும் கணினி மொழி அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், எதை முதலில் செய்வது என்று தன் வசதிப்படி முடிவு செய்துகொள்ளும். அந்த மஞ்சள் சொன்னது அவ்வளவுதான்: இந்த வரியில் எது முதலில் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேலாளரிடம் காட்டினேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்தாமலே ஆளைச் சின்னதாக்குவார்.

"என்னம்மா, இத்தனை வருஷமா ஓடிண்டிருக்கற வரி. டெஸ்ட்ல பாஸ். அந்த டூலுக்குப் பயந்தா நாம லிஃப்டே பண்ண முடியாது, படிக்கட்டுதான் பண்ணணும். போண்டா ஆறறது, வா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போகவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பசிக்காது.

டெஸ்ட் எங்கே பாஸ் ஆனது? எங்கள் மேஜைக் கணினியில். அங்குள்ள கம்பைலர் இடப்பக்கத்தை முதலில் செய்யும். பழைய பலகையிலும் அப்படித்தான். ஆனால் அந்தப் பலகையின் சிப் இப்போது கிடைப்பதில்லை. புதுப் பலகைக்கு வேறு சிப், வேறு கம்பைலர். அதில் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் முதலில் நடந்தது. மாடியின் இடத்தில் கதவின் நிலை, கதவின் இடத்தில் மாடி எண். கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் பூஜ்யம். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து வைத்தால், பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் மூன்று வரும். பூஜ்யம் இல்லையே, அப்படியானால் கதவு மூடியிருக்கிறது, கிளம்பலாம் என்று லிஃப்ட் நினைத்துக்கொள்ளும்.

நான் இதைக் கண்டுபிடிப்பதற்குள் திரை பச்சையாகி, புரோகிராம் தாராவியில் ஒரு புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தது. மேலாளர் மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. லிஃப்ட் பொருத்துகிறவரின் எண்ணை வாங்கி நானே கூப்பிட்டேன். முன்பின் தெரியாதவர். திருநெல்வேலிப் பேச்சு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட்டை நகர விடாத பாதுகாப்பு மின்கம்பி ஒன்று தனியாக உண்டு. அது வேலை செய்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கு ஜம்பர் போட்டு வச்சிருக்கேன் மேடம். கதவத் தொறந்து வச்சு வேல பாக்கும்போது அது இடைஞ்சல்லா. எல்லாரும் செய்யுறதுதான்."

ஜம்பர் என்றால், கதவு மூடியிருப்பதாகக் காட்டி அந்தக் கம்பியை ஏமாற்றுவது. மூன்றாம் மாடி வாசலில் மண்டியிட்டு, தலையை உள்ளே நீட்டி, கதவு ஓடும் தடத்தைச் சரிசெய்யப் போகிறாராம். மேல் மாடிகளில் டைல்ஸ் வேலைக்காரர்கள் போகிறபோது வருகிறபோதெல்லாம் பட்டனை அமுக்குகிறார்கள். அவர் கழுத்துக்கும் அந்த லிஃப்ட்டுக்கும் நடுவே எங்கள் ஒரு வரி மட்டும்தான் இருந்தது.

உள்ளே தலையை நீட்டாதீர்கள் என்று கத்தியேவிட்டேன். விஷயத்தையும் சொன்னேன்.

"செம்பூர்ல ஏசியில இருந்துக்கிட்டு இங்க என்னத்தக் கண்டீய?" என்று சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, நான் தொடல. நீங்க வந்து காட்டுங்க" என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேங்கிய தண்ணீரால் ஆட்டோ சயானோடு நின்றுவிட்டது. மிச்ச தூரம் மழையில் நடை. போனபோது அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காமலிருக்க அவர் விரித்த கோணி வாசலின் குறுக்கே அப்படியே கிடந்தது. பாதி லிஃப்ட்டுக்குள், அதன்மேல் டூல் பெட்டி. மறு பாதி வெளியே.

கதவு திறந்தே இருக்க, ஐந்தாம் மாடியில் இருந்தவர்களிடம் பட்டனை அமுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

லிஃப்ட் வாசலைத் திறந்து போட்டபடியே மேலே கிளம்பியது. கோணியையும் இழுத்துக்கொண்டு போய், வாசலின் மேல் விளிம்பில் வைத்துக் கிழித்தது. ஒரு துண்டு எங்கள் காலடியில் விழுந்தது. அவர் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தார்.

"நான் போன எடுக்காம இருந்திருந்தா?" என்றார். பிறகு, "மொதல்ல டீ குடிங்க மேடம். நனைஞ்சு வந்திருக்கீய" என்றார்.

திருத்தம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு வரியை இரண்டாக்கினேன். முதல் வரியில் கதவு, அது முடிந்த பிறகு அடுத்த வரியில் மாடி. புதுப் புரோகிராமை ஏற்றினோம். கிழிந்த கோணியையே மறுபடி வாசலில் போட்டு, மேலே கீழே எல்லா மாடியிலும் பட்டனை அமுக்க வைத்தார். லிஃப்ட் அசையவில்லை. அப்புறம், நான் சொல்லாமலே ஜம்பரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மெயினையும் அணைத்துவிட்டு, கோணித் துண்டில் மண்டியிட்டு வேலையை ஆரம்பித்தார். முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு திருப்தியான சாயங்காலம் எனக்கு வாய்த்ததில்லை.

திங்கட்கிழமை மேலாளர் முதலாளியிடம் போய், மஞ்சளைத் தான் பார்த்ததாகவும் தான்தான் என்னை அனுப்பியதாகவும் சொன்னார். நான் சண்டை போட்டேன். அதற்குப் பலன், இப்போது ஒவ்வொரு மஞ்சளையும் தனித்தனியாகப் படித்து, மூடுகிறவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். பச்சை வர நேரமாகிறது. போண்டா ஆறித்தான் வருகிறது. நன்றாகவே இருக்கிறது, சாப்பிடுகிறேன்.

புதுப் புரோகிராம் போகும்போதெல்லாம் தாராவியிலிருந்து போன் வரும். "மேடம், மஞ்சள்லாம் பாத்தாச்சா? நான் குனியட்டுமா?" என்பார். பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடிகிற நாளெல்லாம் எனக்கு நல்ல நாள். ஒருவர் என் சொல்லை நம்பிக் கழுத்தை நீட்டுகிறார் என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.

மேலாளர் சார், உங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரியை நீங்கள் படித்தீர்களா, இல்லையா? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அன்று எல்லோரையும் சிரிக்க வைத்தீர்களே, அதே எல்லோர் முன்னாலும், வருகிற வெள்ளிக்கிழமை, போண்டா வருவதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.