கரையான் ஏறாத மண்

அமிர்தவள்ளியின் அப்பாவுக்கு மூக்கின் நடுச்சுவர் கிடையாது. ஒரு பக்கம் தீக்குச்சியை விட்டால் மறு பக்கம் வெளியே வரும். குரோம் கம்பெனியில் வேலை பார்த்த ஆம்பளைகள் பலருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து, குச்சியை மூக்கில் விட்டுக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பார்கள். அமிர்தவள்ளி மட்டும் சிரிக்கமாட்டாள். குச்சியின் நுனியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு முறை அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அப்பா அதே குச்சியைக் கொளுத்தி அவள் புறங்கையில் வைத்தார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

திமிரிக்குப் போகிற வழியில், ஊருக்குப் பின்னால்தான் அந்தக் கம்பெனி. எங்கோ சுரங்கத்தில் வெட்டிய கறுப்புக் கல்லை லாரி லாரியாகக் கொண்டுவந்து, மாவாக அரைத்து, உலையில் வறுத்து, தோல் பதனிட வேண்டிய உப்பை அதிலிருந்து எடுப்பார்கள். எடுத்தது போக மிஞ்சியதைப் பின்பக்கம் கொட்டுவார்கள். கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. முதலாளி போய்விட்டார். கொட்டியது போகவில்லை. பனைமர உயரத்துக்கு நிற்கிறது. ஊரில் அதற்கு மஞ்சமேடு என்று பேர்.

மேட்டின் மேல் புல் முளைக்காது. எறும்பு ஊராது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஊர், பார்த்து ஆசைப்பட்டது. அந்தப் பக்கத்தில் கரையான் அரிக்காத வீடு கிடையாது. நிலைப்படியைத் தின்னும், நெல் மூட்டையைத் தின்னும், கல்யாணப் புடவையைப் பெட்டியோடு தின்னும். மஞ்சமேட்டு மண்ணைப் போட்டு, தரைக்குக் கீழே பேஸ்மட்டத்தை நிரப்பினால் கரையான் ஏறாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அது உண்மைதான். ஏறவில்லை.

அந்த மண்ணை அடித்துப் பிழைத்தவன் வேதாசலம், அமிர்தவள்ளியின் புருஷன். சொந்த டிராக்டர், சொந்த டிப்பர். அவர்கள் வீட்டுக்கும் அந்த மண்தான். இரண்டு வீடு தள்ளி, குர்ஷித் வீட்டுக்கும் அதேதான். மண் கொட்டிய அன்றைக்கு அமிர்தவள்ளியும் குர்ஷித்தும் சேர்ந்தே தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்கினார்கள், வெறுங்காலோடு.

மழைக்காலம் வந்ததும் குர்ஷித் வீட்டுத் தரையில் டைல்ஸ் இடுக்கெல்லாம் மஞ்சளாகப் பூத்தது. காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி பூக்கும். துடைத்த கையில் புண் வந்தது. அவளுடைய கடைக்குட்டி சஹர் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். முட்டி இரண்டிலும் ஆணி அடித்து எடுத்தது போல வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. ஆறவே இல்லை.

அமிர்தவள்ளி பால்வாடியில் சமைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். சஹரின் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த வேதாசலத்தின் பாதத்தைப் பார்த்தாள். விரல் இடுக்கில் அதே குழி.

போன வருஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து சௌமியா என்ற ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்தார். மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, போர்டு நட்டு, கூடியவர்களிடம் சொன்னார்: "இத கைல தொடாதீங்க. மழைத் தண்ணி இதுல பட்டுதுன்னா விஷம் கரைஞ்சு கிணத்துல இறங்கிடும். முழுசா மூடி வைக்கிற வரைக்கும் ஒரு கூடைகூட எடுக்கக் கூடாது."

"எங்க பொழப்புல இன்னாத்துக்கு மண்ண போடுற?" என்று கத்திக்கொண்டே முதல் கல்லை எறிந்தவன் வேதாசலம். அப்புறம் பல கை எறிந்தது. ஜீப் கண்ணாடி நொறுங்கியது. சௌமியாவின் புருவம் கிழிந்து, ரத்தம் வெள்ளைத் துப்பட்டாவில் இறங்கியது. ஜீப்பில் ஏறும்போதும் அவர், "தண்ணி படாம பாத்துக்குங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அமிர்தவள்ளி வேப்பமரத்தடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே வேலி அறுபட்டது.

இந்த ஐப்பசியில் பால்வாடிக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. சுவர் இடுப்பளவு வந்ததும், பேஸ்மட்டம் நிரப்ப மண் அடிக்கிற வேலையை மேஸ்திரி வேதாசலத்திடம் கொடுத்தார்.

"ஏரி மண்ணு அடி" என்றாள் அமிர்தவள்ளி சோறு போடும்போது.

"ஏரி மண்ணு எடுத்தா போலீஸ் புடிப்பான். மஞ்சமேட்ட யாரு கேக்கறான்?"

"புள்ளைங்க தரையிலதான் படுக்குதுங்க. தரையில விழுந்ததத்தான் எடுத்துத் தின்னுதுங்க."

சோற்றுத் தட்டு அவள் முகத்துக்கு வந்தது. விளிம்பு பட்டு உதடு பிளந்தது. அவள் சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு படுத்தாள்.

காலையில், பிள்ளைகளுக்கு உப்புமா கொடுத்துக்கொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, பேஸ்மட்டத்துக்குள் குதித்து நடுவில் நின்றாள். வேதாசலம் டிப்பரைப் பின்னால் எடுத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான்.

"மேல ஏறி வா."

"வரமாட்டேன். கொட்டறதுன்னா எம்மேல கொட்டு."

கொத்தனார்கள் சிரித்தார்கள். "இன்னாப்பா வேதாசலம், வூட்டம்மாதான் இப்போ இஞ்சினியரா?" என்றான் ஒருவன்.

அந்தச் சிரிப்பு போதும் அவனுக்கு. உள்ளே இறங்கி, கொண்டையைப் பிடித்து, சுவர் விளிம்பில் அவள் தலையை மோதினான். வெளியே இழுத்துப் போட்டு வயிற்றில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். அவள் துப்பியபோது ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. பழைய கட்டடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அலறின. யாரும் தடுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம்.

வேதாசலம் டிராக்டரில் ஏறி லீவரை இழுத்தான். டிப்பர் மெல்ல எழும்பிச் சாய்ந்தது. பின்கதவின் கொண்டி மாட்டிக்கொண்டது. சுத்தியலோடு இறங்கிப் பின்னால் போய் அதை அடித்தான். ஒரு பக்கக் கொண்டி விட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. மஞ்சள் மண் சரசரவென்று சிந்த ஆரம்பித்தது. மறு பக்கக் கொண்டியைத் தள்ள அவன் அந்த இடைவெளிக்குள் கையை விட்டான்.

அமிர்தவள்ளி படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். டிப்பரைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஆயில் ஓஸ் பழசு. நடுவில் விரிசல் விட்டு, சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. சுற்றிக் கட்டியதே அவள்தான். பக்கத்தில் கொத்தனாரின் கடப்பாறை கிடந்தது. அவன் கை எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் எழுந்தாள். கடப்பாறையை இரண்டு கையாலும் ஓங்கி, டியூப் சுற்றிய இடத்தில் குத்தினாள்.

எண்ணெய் பீய்ச்சி அடித்தது. டிப்பர் இடி விழுந்தது போலக் கீழே இறங்கியது. கதவு அறைந்து மூடியது. வேதாசலத்தின் மணிக்கட்டு உள்ளே இருந்தது.

அவன் போட்ட சத்தத்துக்கு ஊரே திரண்டது. நாலு பேர் நெம்பித்தான் கையை எடுக்க முடிந்தது. கை தோலில் தொங்கியது. ஒருத்தன் வந்து அமிர்தவள்ளியை அறைந்தான். இன்னொருத்தன் காலைத் தூக்கினான்.

"அரே, அடிக்காதீங்கய்யா!" சஹரை இடுப்பில் வைத்துக்கொண்டு குர்ஷித் கூட்டத்துக்குள் புகுந்தாள். குழந்தையின் கவுனைத் தூக்கி முட்டியைக் காட்டினாள். "அக்காவ அப்புறம் கொல்லுங்க. மொதல்ல இத பாருங்க. உங்க புள்ளைங்க முட்டியிலயும் இந்த ஓட்டை விழணுமா? சொல்லுங்க!"

தூக்கிய கால் இறங்கியது. மேஸ்திரி முட்டியைப் பார்த்தார், சிந்திய மண்ணைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

ஆட்டோவில் ஏற்றும்போது வேதாசலம் கத்தினான்: "ஊரு புள்ளைங்களுக்கு நியாயம் பேசறியேடி! உன் வூட்டுத் தரைக்குக் கீழ இன்னா இருக்குது? அதும்மேலதான தினம் தூங்குற?"

அடித்ததில் எல்லாம் அதிகம் வலித்தது அதுதான்.

அவள் கடப்பாறையைக் கீழே வைக்கவே இல்லை. அதோடு வீட்டுக்கு நடந்து போய், பாத்திரம் பண்டமெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, நடு வீட்டில் குத்தினாள். சிமெண்டுத் தரை பிளந்தது. கீழே பச்சை மஞ்சளாகக் கிடந்தது மண். காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கையில் உறை மாட்டிக்கொண்டு, சாக்கில் அள்ள ஆரம்பித்தாள். விலா எலும்பு குத்தியது. வாயில் ரத்தம் ஊறியது. துப்பிவிட்டு அள்ளினாள்.

குர்ஷித் வாசலில் நின்றாள். "எங்கக்கா கொட்டுவ?"

"எங்கயும் கொட்டமாட்டேன். எங்க கொட்டினாலும் அது யாரோ ஒருத்தர் கிணறு. செங்கல் மேல அடுக்கி, தார்பாய் போட்டு மூடணும். பால்வாடிகிட்ட சிந்தினதையும் அள்ளணும். அந்த ஜீப் அம்மாவுக்கு போன் போடு. நம்பர் போர்டுல இருக்குது."

"கல்லால அடிச்ச ஊருக்கு வருவாங்களாக்கா?"

"போடு. வந்தா வர்றாங்க."

சௌமியா வருவதற்கு முன்னால் போலீஸ்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் வேதாசலத்தின் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்களாம். பெண் போலீஸ் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தரை முழுக்கப் பள்ளம். வெளியே சுவரோரம் செங்கல் மேல் அடுக்கிய சாக்கு மூட்டைகள்.

"உக்கார ஒரு இடம் இல்லையேம்மா."

"வாசல்லயே நில்லுங்க. உள்ள கால் வைக்காதீங்க."

"வேணும்னே அடிச்சியா?"

"ஆமாம்."

"அப்படிச் சொல்லாதேம்மா. தவறிப் பட்டுடுச்சின்னு சொல்லு."

"தவறிப் படல" என்றாள் அமிர்தவள்ளி. உறையைக் கழற்றி மூட்டையின் மேல் வைத்துவிட்டு, குர்ஷித்திடம் திரும்பினாள். "மழை வர்ற மாதிரி இருக்குது. தார்பாய் முனைக்குக் கல்லு வை. காத்துல தூக்கிடும்."

அவளை ஏற்றிக்கொண்டு போன போலீஸ் ஜீப் பால்வாடியைத் தாண்டும்போது வேறொரு டிராக்டர் பேஸ்மட்டத்தில் மண் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் போலீஸின் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். கறுப்பு ஏரி மண். ஈரம். புல் வேரும் நத்தை ஓடுமாகச் சரிந்து விழுந்தது.

இரண்டு மழைக்குள் அதில் கரையான் ஏறிவிடும். அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.