தப்பான பக்கத்தில் பச்சை விளக்கு

எங்கள் அம்மாவிடம் மீனுக்குப் பேரம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. அவளுக்குக் காது கேட்காது. விலையை விரலால் காட்டிவிட்டு, வாங்க வந்தவர் புலம்பி முடிக்கும்வரை வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். பெசன்ட் நகரில் வியாபாரத்துக்கு இது பெரிய வசதி. கஷ்டமெல்லாம் அண்ணன் கிட்டார் வாசிக்கும் மேடைகளில்தான். நான் பிறந்த கையோடு வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போயிற்று. அண்ணன் கிட்டாரைத் தொட்டது அதற்கு வெகுகாலம் கழித்து. மகன் வாசித்து அவள் ஒரு சுரம்கூடக் கேட்டதில்லை, ஆனால் ஒரு கச்சேரியையும் விட்டதில்லை.

அண்ணன் இருந்தது ஓர் இன்னிசைக் குழுவில். அவன் காலடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒருமுறை மிதித்தால் கிட்டார் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். மறுபடி மிதித்தால் சுருதி பார்க்கிற கருவிக்கு மட்டும் போகும், வெளியே கேட்காது. உள்ளே ஒரு சுவிட்சும் நாலைந்து வயரும்தான். பேட்டரி கிடையாது, விளக்கும் கிடையாது. சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மயிலாப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. கிட்டாருக்கென்று விட்ட இடத்தில் மற்றவர்கள் எல்லாம் நிறுத்த, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உருகி வாசிக்கிறான், பெட்டியை மிதிக்க மறந்ததில் சத்தமே இல்லை. மண்டபம் சிரித்தது. அம்மா மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள். நான் அப்போது ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருந்தேன். ஜனங்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அதன் பிறகு கச்சேரிகளில் அவள் என்னைப் பக்கத்திலிருந்து நகர விடவில்லை. பாட்டுக்கு நடுவே முழங்கையால் இடிப்பாள்.

"உங்கண்ணன் வாசிக்கிறானாடி?"

மூன்று வரிசைக்குக் கேட்கும். நான் தலையாட்டினால்தான் கை தட்டுவாள். அம்மாவுக்கே காதாக இருப்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. விலா எலும்புதான் பாவம்.

எங்கள் குப்பத்துக் கோயில் திருவிழாவுக்கு அண்ணனுடைய குழுவையே பேசியிருந்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் அம்மா இன்னொரு தடவை அப்படி நிற்கக் கூடாது என்பது அவன் கவலை. ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு குட்டி விளக்குகளும், அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுகிற புது சுவிட்சும் வாங்கி வந்தான். பச்சை எரிந்தால் சத்தம் வெளியே போகிறது, சிவப்பு எரிந்தால் இல்லை. விளக்குகளுக்காக மட்டும் உள்ளே ஒரு பேட்டரி. அப்பாவின் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஓட்டை போட்ட இடத்தைப் பார்த்ததும் பதறிவிட்டேன். ஜனங்கள் உட்காரும் பக்கம் பார்த்துப் போட்டிருந்தான்.

"இன்னாண்ணா, அந்தாண்ட ஓட்டை போட்டுகினு கீற? உனுக்கு எப்டி தெரியும்?"

"தரையில வெளிச்சம் வுழும்ல, அது போதும் எனுக்கு. நீ கம்முனு டார்ச்ச புடி."

பச்சை முதலில் எரியவில்லை. அதன் கம்பிக் கால்களைத் திருப்பி வைத்து ஈயத்தால் ஒட்டியதும் எரிந்தது. எரிந்தாலும் தப்பான பக்கம்தானே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

திருவிழாவன்று முதல் வரிசையில் அம்மா பக்கத்தில் தயாராக உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. இடி வரவில்லை. அடுத்த பாட்டு வந்தது, அதற்கும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அண்ணன் முன்பே சொல்லி வைத்திருக்கிறான். கிட்டாருக்கு விட்ட இடம் வந்தது. பச்சை எரிந்தது. குப்பத்திலேயே முதல் ஆளாகக் கை தட்டியது அவள்தான், அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.  எனக்குக் கோபம் வந்தது, என் வேலை போய்விட்டதே.

கச்சேரி முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

"அம்மா என்னை ஒண்ணுமே கேக்கல."

"நீ பாட்டு கேட்டியா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"ஆமா."

அவன் சிரித்தான். அது அம்மாவுக்காக வைத்த விளக்கு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் 'முழுசா' என்று கேட்டான் என்பதுதான் அப்போது புரியவில்லை. தன் வாசிப்பைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்து, போனால் போகிறதென்று, "நல்லாத்தாண்ணா வாசிச்ச" என்றேன்.