முடிஞ்ச மாதிரிதான்

வில்லியனூரில் எனக்கு ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிக்கு ஷீட் கூரை எல்லாம் செய்து கொடுப்போம். ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மறுநாளே பட்டறைச் சுவரில் ஒரு வெள்ளை போர்டு ஏறிவிட்டது. முடிந்த வேலைக்குப் பச்சை, நடக்கிற வேலைக்கு மஞ்சள், நின்றுபோன வேலைக்குச் சிவப்பு. சிவப்புப் பேனாவை மட்டும் கவரிலிருந்தே எடுக்கவில்லை. தன்னம்பிக்கைதான்.

முதல் பரீட்சை பாகூரில் வந்தது. கரும்பு போடுகிற ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தை வீட்டு மெத்தையில் வைக்க முடிவு செய்தார். மொட்டை மாடியைத்தான் எங்கள் பக்கத்தில் மெத்தை என்போம். ஐப்பசி மாதம். ஞாயிறு மாலைக்குள் மேலே கூரை நிற்கவில்லை என்றால், சாம்பார் எது மழை எது என்று தெரியாமல் ஊரே சாப்பிட வேண்டியதுதான்.

இரும்புச் சட்டம் அடிக்க வெல்டர், அதற்குப் பூச பெயின்டர், ஷீட்டை அளவுக்கு வெட்டி அனுப்பக் கடைக்காரர். மூவருக்கும் தினமும் காலையில் போன் அடித்தேன்.

"இன்னாபா, சட்டம் முடிஞ்சிதா?"

"முடிஞ்ச மாதிரிதாண்ணே," என்றார் வெல்டர்.

பச்சை அடித்தேன்.

"அவுரு முடிச்சிட்டா நானும் முடிச்ச மாதிரிதான்," என்றார் பெயின்டர். பச்சை.

"வண்டில ஏத்தன மாதிரிதான் சார்," என்றார் கடைக்காரர். அதற்கும் பச்சை.

வியாழக்கிழமை போர்டு நாற்றங்கால் மாதிரி இருந்தது. பெருமை தாங்காமல் அதை போட்டோ எடுத்துப் பாகூரில் பெண்ணின் அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே அவரிடமிருந்து போன் வந்தது.

"போட்டோ நல்லா பச்சையாத்தான் கீது. எங்க வூட்டு மெத்தையில வானம்தான் கீது."

ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு. அப்படியே பைக்கில் பறந்தேன். போய்ப் பார்த்தால், மெத்தையில் தூண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. வெல்டரைப் போனில் கூப்பிட்டுப் பெயின்ட் ஏன் அடிக்கவில்லை என்று கத்தினேன். பெயின்டரிடம் வெல்டிங்கைப் பற்றிக் கத்தினேன். கடைக்காரர் என்று நினைத்து என் மைத்துனனுக்கே அடித்து, மூச்சு வாங்கும்வரை திட்டித் தீர்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப நான் இன்னா பண்ணேன் மாமா?" என்றான்.

கல்யாணப் பெண்ணின் அம்மா மளிகைப் பட்டியலோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என் சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கத்தாதீங்கண்ணா. முடிஞ்சிதா முடிஞ்சிதான்னா எவனும் ஆமான்னுதான் சொல்லுவான். மளிகைக் கடைக்காரன்ட்ட எல்லாம் வந்துச்சான்னா கேக்கறேன்? இன்னா வரலன்னு கேக்கறேன். நீங்களும் இன்னா இல்லன்னு கேளுங்க."

மூவருக்கும் ஒவ்வொருவராகப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

பெயின்டர்: "சட்டம் இல்ல."

வெல்டர்: "ஷீட்டு இன்னா நீளம்னு தெரியல. அது தெரிஞ்சாதானே குறுக்குக் கம்பி வைக்கலாம்?"

கடைக்காரர்: "அளவு இல்ல சார்."

"அத யாரு குடுக்கணும்?" என்று அதட்டினேன்.

"நீங்கதான் சார். பத்து நாளா."

அந்த அம்மா பட்டியலால் வாயைப் பொத்திக்கொண்டார். பத்து நாளுக்கு முன் அளவெடுத்து எழுதிய சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை துவைக்கப் போய்விட்டது. அனுப்பின மாதிரிதான் என்று எனக்கு நானே பச்சை அடித்துக்கொண்டிருக்கிறேன்!

அங்கேயே டேப்பைப் பிடித்தேன். அவசரத்தில் மூன்று தடவை அளந்தேன், மூன்று அளவு வந்தது. "குடுங்கண்ணா இப்டி," என்று அந்த அம்மாவே டேப்பை வாங்கி அளந்து, கடைக்காரருக்கு ஒவ்வொன்றாகப் படித்தும் காட்டினார்.

அதன்பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: இன்னா இல்ல?

"கட்டிங் வீல் இல்லண்ணே." கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏணி இல்ல." பக்கத்துத் தெருவில் கெஞ்சி வாங்கினேன்.

"டீ இல்லண்ணே." இந்தக் கேள்வியில் இப்படி ஒரு ஆபத்து இருப்பதை அந்த அம்மா சொல்லவில்லை.

சனிக்கிழமை ஷீட் வந்தது. ஞாயிறு மதியம் கூரை ஏறியது. மாலையில் முதல் பந்தி உட்காரும்போது மழை பிடித்துக்கொண்டது.

பெண்ணின் அப்பா கூரையை அண்ணாந்து பார்த்தபடி என்னிடம் வந்தார். "எல்லாம் முடிஞ்சிதில்ல?"

"முடிஞ்ச மா..." வரைக்கும் வாய் போய்விட்டது. பக்கத்தில் பருப்பு வாளியோடு அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி மூலைல ரெண்டு ஸ்க்ரூ இல்ல," என்றேன். "அதுக்கு அடியில நானே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தேன். ரசம் வந்தது.

"எனக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியா ஊத்துபா. தண்ணி மேலருந்து வந்துனே கீது."