நிற்கவைத்து வாசிப்பவர்

இரண்டாம் சரணம் முடிந்துவிட்டது. மூன்றாம் சரணத்துக்காகச் சபை மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஐசக் கதிரேசன் அதைக் கொடுப்பதாக இல்லை. அவருடைய வலது கை ஆர்கனின் மேலடுக்குக்குத் தாவி, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டது. பாட்டுப் புத்தகம் பிடித்த கைகள் தாழ்கின்றன. கைக்குழந்தைகள் தோள் மாறுகின்றன. பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும் என்பது தேவாலயத்து ஒழுங்கு. பாட்டு எப்போது முடியும் என்பது ஆர்கன் வாசிப்பவர் கையில் இருக்கிறது. இந்த இடுக்கில் புகுந்துதான் ஐசக் கதிரேசன் பல வருடங்களாகத் தம் சொந்தப் படைப்புகளை அரங்கேற்றி வருகிறார்.

ஆர்கனின் இடது மூலையில் ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி இருக்கிறது. வாசிப்பவர் சபைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருப்பதால், போதகர் கை காட்டுவதைப் பார்க்க அது தேவை என்று சொல்லி, கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் கொடுத்துப் பொருத்தினார். பொருத்திய மறுவாரமே அதைப் போதகர் பக்கமிருந்து சபைப் பக்கம் திருப்பிவிட்டார். யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் கைப்பேசியை நோண்டுகிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். போதகர் செருமுவதும், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதும் தெரியாது.

"ஐயா, சனங்க கால் கடுக்க நிக்குதுங்க. கொஞ்சம் சுருக்குனா ஆகாதுங்களா?" என்று போதகர் ஒருமுறை கேட்டார்.

"சுருக்குறதுக்கு இதென்னங்க, துணியா?" என்றார் ஐசக் கதிரேசன்.

கிழமை நாட்களில் அவர் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைப் பேராசிரியர். கோபிசெட்டிபாளையத்தில் மிஷன் பள்ளி ஆர்மோனியத்தில் ஆரம்பித்த விரல்கள். லண்டன் இசைக் கிரேடு பரீட்சைகளை ஒன்று விடாமல் எழுதித் தேறி, முனைவர் பட்டம் வரை ஏறியவர். அந்த ஆய்வின் கடைசி இயலில் தம்முடைய படைப்புகளையே ஆராய்ந்து, அவை சிறப்பானவை என்று கண்டுபிடித்தார்.

மேல்நாட்டு இசை மேதைகளின் படைப்புகளுக்கு 'ஓபஸ்' என்று வரிசை எண் உண்டு. சிம்பொனிக்கெல்லாம் போடுகிற எண் அது. ஐசக் கதிரேசன் வகுப்பு மாறும்போது ஒலிபெருக்கியில் வரும் கிணிகிணி மணியோசைக்கும் ஓபஸ் எண் போட்டிருக்கிறார். மாணவர்கள் அவரை ஓபஸ் சார் என்கிறார்கள். அது மரியாதைப் பெயர் என்று அவர் நம்புகிறார்.

பட்டமளிப்பு விழா ஊர்வலத்துக்கும் ஓர் ஓபஸ் எழுதினார். வேந்தர் வேகநடைக்காரர். இசை பாதியைத் தொடுவதற்குள் மேடைக்கு வந்துவிட்டார். ஐசக் கதிரேசன் மீதிப் பாதியையும் வாசித்தார். சித்திரை வெயிலில் வெல்வெட் அங்கியைப் போட்டுக்கொண்டு மேடை மொத்தமும் நின்றது. அடுத்த வருடம் பென்டிரைவில் வேறு எதையோ போட்டுக்கொண்டார்கள்.

வினாத்தாளிலும் அவரே இருப்பார். 'ஐசக் கதிரேசனின் படைப்புகளில் காணப்படும் அழகினை விளக்குக.' மிதுன் என்ற மாணவன், 'இந்த அழகு சொல்லில் அடங்காது' என்று ஒரே வரி எழுதி, மீதிப் பக்கத்தை வெள்ளையாக விட்டான். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான். வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்பதால் அவர் வகுப்பு எப்போதும் நிறைந்திருக்கும். தேவாலயத்தில் உட்கார முடியாது, வகுப்பில் எழுந்து போக முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இசையமைப்பாளராகவே வாழ்ந்துவிட்டார்.

காது மட்டும் பொல்லாத காது. அபசுரம் என்றால் அது பேக்கரிக் கண்ணாடி டம்ளராக இருந்தாலும் விடமாட்டார். மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஹாரனைக் குறை சொல்லி டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். வீட்டில் குக்கர் விசிலுக்கும் திருத்தம் உண்டு. "அந்தக் குக்கருக்காச்சும் எப்ப நிறுத்தோணும்னு தெரியுதுங்க," என்பார் அவர் மனைவி புவனா.

அந்தக் காதால் சம்பாதித்த பகைதான் பொற்கொடி டீச்சர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவில் ஆசையாகச் சேர்ந்தார். ஐசக் கதிரேசன் எல்லோர் முன்னிலையிலும் ஒத்திகையை நிறுத்தி, "டீச்சர், நீங்க சுதியில அரைக்கட்டை எறங்கியே பாடுறீங்க. எல்லாத்தையும் சேத்தி இழுத்துப்போட்டீங்க," என்றார். டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சபை வரிசைக்கு வந்துவிட்டார். வந்தவர் உட்கார்ந்த இடம் கண்ணாடிக்கு நேர் எதிரே. அன்றிலிருந்து சரணங்களுக்கு நடுவே ஐசக் கதிரேசனின் கை ஊருக்குப் புறப்பட்டதும், அத்தனை பேர் நிற்க, டீச்சர் மட்டும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் சரணம் வந்தால்தான் எழுவார். ஐசக் கதிரேசனுக்கு அது உடம்பெல்லாம் எரியும். "பழி வாங்குறாங்க பாரு," என்று புவனாவிடம் புலம்புவார்.

இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பணி ஓய்வு. துறைத்தலைவர் ஹர்ஷா, அவரிடமே படித்த பெண், நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னாள்.

"சார், உங்க கம்போசிஷன் மட்டும் வெச்சு ஒரு சாயங்காலம் கச்சேரி பண்ணிரலாமுங்க. அட்டென்டன்ஸ் எல்லாம் வேண்டாங்க சார். இஷ்டப்பட்டவங்க வரட்டும்."

இஷ்டப்பட்டவங்க என்ற சொல்லையே அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அன்று பேக்கரியில் டீ ஆறிப்போனது. டம்ளர் சத்தத்தைக்கூட அவர் திருத்தவில்லை. கட்டாயம் இல்லாமல் தம் இசையைக் கேட்க ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், இந்தக் கோயமுத்தூரில் உண்டா என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை காலம் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அத்தனை ஏற்பாடும்.

இரண்டு நாள் கழித்துத் தெளிந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். "ஜெபப் பாட்டோட ஆரம்பிச்சரலாம்," என்றார்.

"அங்கயும் நிக்க வெக்கப் போறீங்ளா?" என்றார் புவனா.

அப்படித்தான் செய்தார். அரங்கம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மேடையில் வைத்த ஆர்கனில் கண்ணாடியைத் திருகிக்கொண்டு ஜெபப் பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் எழுந்தார்கள். ஒரு சரணம் முடிந்ததும் கை நழுவி அவருடைய ஓபஸுக்குள் இறங்கியது. சபை நின்றது. முன்வரிசையில் ஒருவர் பொத்தென்று உட்கார்ந்தார். பொற்கொடி டீச்சர். இங்கேயும் வந்துவிட்டார்.

ஆனால் இது தேவாலயம் இல்லை. டீச்சரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்கு வெளியே காபிக்கும் பஜ்ஜிக்கும் ஏற்பாடு நடக்கும் வாசனை வந்தது. கைப்பேசியைக் காதில் வைத்தபடி ஒருவர் எழுந்தார். அவர் பின்னால் மிதுன் குனிந்து குனிந்து போனான். பிறகு யாரும் குனியக்கூட இல்லை. ஐசக் கதிரேசன் இடது கையை நீட்டிக் கண்ணாடியைக் குப்புறத் திருப்பினார். ஓபஸ் மேல் ஓபஸாக, அவ்வளவையும் வாசித்தார். கடைசி ஒலியை விடாமல் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். விரலை எடுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எடுத்தார். பார்த்தார். புவனா இருந்தார், மனைவி, கணக்கில் வரமாட்டார். ஹர்ஷா இருந்தாள், அரங்கத்துச் சாவி அவளிடம் இருந்தது. முன்வரிசையில் பொற்கொடி டீச்சர், மடியில் கைப்பையோடு.

"நீங்க போகலீங்களா டீச்சர்?" என்றார் ஐசக் கதிரேசன். "இங்கயும் வந்து உக்காந்து மானத்தை வாங்கிப்போட்டீங்களே."

"நின்னா எனக்குக் கால் வலிதானுங்க கேக்குது. உக்காந்தாத்தான் பாட்டுக் கேக்குது," என்றார் டீச்சர். "அது கெடக்கட்டும். ஈஸ்டருக்கு வாசிப்பீங்களே, மொதப் பாட்டுக்கு நடுவால. எறங்கி எறங்கி வந்து நிக்குமே, அந்த எடத்தை இன்னைக்குக் காணமுங்க?"

"அது ரொம்பச் சாதாரணமுங்க டீச்சர். யூனிவர்சிட்டி ஆளுக சிரிப்பாங்கன்னு எடுத்துப்போட்டேன்."

"அதுக்குத்தானுங்க நான் பஸ் ஏறி வந்தேன்."

இருவரும் சொல்வது ஒரே இடத்தைத்தானா என்று பார்க்க நினைத்து, டீச்சர் அதை முனகிக் காட்டினார். இறங்கி இறங்கி வந்தது. இப்போதும் அரைக்கட்டை கீழேதான். புவனா பதறிப்போய்க் கணவரைப் பார்த்தார். ஐசக் கதிரேசன் ஆர்கன் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்து அந்த முனகலைக் கொஞ்சம் கேட்டார். பிறகு எப்போதும் வைக்கும் கட்டையை விட்டுவிட்டு, விரல்களை அரைக்கட்டை இறக்கி வைத்து, டீச்சர் பாடிய இடத்திலிருந்தே வாசிக்க ஆரம்பித்தார்.